கடைசியாக ஏறியவர் இறங்க வேண்டும்

குடிகாரனைக் கட்டிக்கொண்டவள் வாசலில் உட்கார்ந்து அழுதால் நாலு பேர் வந்து தேற்றுவார்கள். சூதாடியைக் கட்டிக்கொண்டவளுக்குப் பரிந்து பேசப் பக்கத்து வீட்டுக்காரியாவது இருக்கிறாள். நல்லவனைக் கட்டிக்கொண்டவள் எங்கே போய் அழுவாள்? வாயைத் திறந்தால் போதும், “உனக்கென்னம்மா குறைச்சல், தங்கமான மனுஷனாச்சே” என்று அதே நாலு பேர் அவள் வாயை அடைத்துவிட்டுப் போய்விடுவார்கள்.

அவள் புருஷனுக்குப் பெயரே தங்கம் என்றாகிவிட்டது. பெற்றவர்கள் வைத்த பெயர் வேறு. அது அடையாள அட்டையில் தூங்கிக்கொண்டிருந்தது. தொழில் லிஃப்ட் மெக்கானிக். அந்த வட்டாரத்தில் எந்த மாடிக் கட்டடத்தில் லிஃப்ட் நடுவழியில் நின்றாலும், உள்ளே மாட்டிக்கொண்டவர்கள் கடவுளைக் கூப்பிடுவதற்கு முன்னால் அவனைத்தான் கூப்பிடுவார்கள். போவான், இறக்கிவிடுவான். அதோடு வந்துவிட்டால்தான் பரவாயில்லையே. அந்த வீட்டில் மிக்ஸி ஓடவில்லை என்று காதில் விழுந்துவிட்டால், எங்கள் வீட்டில் ஒன்று சும்மாதான் கிடக்கிறது என்பான். சும்மா கிடக்கவில்லை ஐயா, ஓடிக்கொண்டிருந்தது. அரைத்துக்கொண்டிருந்தவள் கையிலிருந்து பிடுங்காத குறையாகத் தூக்கிக்கொண்டு போய்க் கொடுத்தான்.

அவளுடைய குடை மூன்றாம் மாடிக்குப் போனது, திரும்பவில்லை. அவளுடைய புது ஸ்வெட்டர் எதிர்வீட்டுப் பெண்ணின் இன்டர்வியூவுக்குப் போய், கையில் மைக்கறையோடு வந்தது. அவள் ஆஸ்பத்திரி லேபில் வேலை பார்ப்பவள் என்பதால், சர்க்கரை நோயாளிகள் வீட்டுக்கெல்லாம் ஞாயிற்றுக்கிழமை காலையில் வந்து ரத்தம் எடுத்துக்கொள்வாள் என்று அவளைக் கேட்காமலே சொல்லிவைப்பான். கடைத்தேங்காயை எடுத்து வழிப்பிள்ளையாருக்கு உடைக்கிற கதைதான். தேங்காய் அவளுடையது, புண்ணியம் அவனுக்கு. இத்தனைக்கும் அந்த வட்டாரத்தில் அவளுக்கென்று ஒரு பெயர் கிடையாது. தங்கத்தோட சம்சாரம், அவ்வளவுதான்.

இதில் லிஃப்ட் சமாச்சாரத்தை மட்டும் தனியாகச் சொல்ல வேண்டும். அளவுக்கு மேல் ஆள் ஏறினால் லிஃப்டில் மணி அடிக்கும். யாராவது ஒருவர் இறங்கினால்தான் கதவு மூடும். உள்ளே இருப்பவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு இடித்த புளி மாதிரி நிற்பார்கள். இதற்குத் தங்கம் ஒரு சட்டம் வைத்திருந்தான். கடைசியாக ஏறியவர் இறங்க வேண்டும். வயது கிடையாது, பதவி கிடையாது, குண்டு ஒல்லி கிடையாது. தான் பார்க்கும் ஒவ்வொரு கட்டடத்திலும் அதைச் சொல்லிச் சொல்லி ஜனங்களுக்கு மனப்பாடமே ஆக்கிவிட்டான். அந்தச் சட்டத்திலிருந்து உலகத்தில் ஒரே ஒரு ஆளுக்குத்தான் விலக்கு. அவன் பெண்டாட்டி முதல் ஆளாக ஏறி மூலையில் நின்றிருந்தாலும், மணி அடித்தால் அவன் கண் நேரே அவளிடம்தான் போகும். “நீ இறங்கிக்கம்மா. நம்ம வீட்டு ஆளுதானே” என்பான். அவளும் இறங்குவாள். காய்கறிப் பையோடு ஐந்து மாடி ஏறுவாள். பன்னிரண்டு வருஷம் ஏறியிருக்கிறாள்.

அவள் வேலை பார்க்கும் லேப் ஆஸ்பத்திரியின் கீழ்த்தளத்தில், பூமிக்கு அடியில் இருந்தது. ஜன்னல் என்ற பேச்சே இல்லை. நாள் முழுக்க ட்யூப்லைட் வெளிச்சத்தில் மைக்ராஸ்கோப்பில் கண்ணைப் பதித்து அடுத்தவர் ரத்தத்தில் சிவப்பணுவையும் வெள்ளையணுவையும் பார்த்துக்கொண்டிருப்பாள். போன மழைக்காலத்திலிருந்து ஒரு தலைவலி. வேலை முடிந்து தெருவுக்கு வந்தால் எதிரே வரும் பஸ்ஸின் எண் கலங்கித் தெரிந்தது. கண் டாக்டரம்மா சோதித்துப் பார்த்துவிட்டு, கண்ணில் நோய் ஒன்றும் இல்லை, கிட்டத்தில் இருப்பதையே பார்த்துப் பார்த்துத் தசை இறுகிக் கிடக்கிறது, தூரத்தைப் பாருங்கள் என்றார். எவ்வளவு தூரம் என்று இவள் கேட்டாள். எவ்வளவு முடியுமோ அவ்வளவு, முடிந்தால் கடலைப் போய்ப் பாருங்கள் என்று அவர் சிரித்தார்.

அவர் சிரித்ததை இவள் சிரிப்பாக எடுத்துக்கொள்ளவில்லை. கடல் அவர்கள் ஊரிலிருந்து ஒரு பகல் முழுக்க ரயிலில் போகிற தூரம். கல்யாணம் ஆனதிலிருந்து இருவரும் சேர்ந்து எங்கும் போனதில்லை. மகளைத் தன் அக்கா வீட்டில் விட்டுவிட்டு ஐந்து நாள் போய் வரலாம் என்று ஒரு ஊரைச் சொன்னாள். தங்கம் துள்ளிக் குதித்தான். அந்த ஊரில் கடலோரம் செங்குத்தான பாறை ஒன்று உண்டு. அடிவாரத்திலிருந்து பாறை உச்சிக்குக் கண்ணாடிக் கூண்டு வைத்த பழைய லிஃப்ட் ஓடியது. தொழில் பழகிய காலத்திலிருந்து அதைப் பற்றிப் பேசாத நாளில்லை. அவளுக்குக் கடல், அவனுக்கு லிஃப்ட், நல்ல பொருத்தம்தானே என்று அவளும் மனசு நிறைந்துபோனாள்.

மகளைக் கொண்டுபோய் விட்டபோது அக்கா ஒரு வார்த்தை சொன்னாள். ஒருத்தனை முழுசாகத் தெரிந்துகொள்ள வேண்டுமென்றால் ஒரே வீட்டில் இருந்தால் போதாது, அவனோடு மூட்டை கட்டிக்கொண்டு ஒரு பயணம் போய்ப் பார்க்க வேண்டும் என்றாள். பன்னிரண்டு வருஷத்துக்கு அப்புறம் இனி என்ன தெரிந்துகொள்ள இருக்கிறது என்று இவள் சிரித்தாள். ஆனாலும் டிக்கெட் எடுக்கும்போதே அவனிடம் கறாராகச் சொல்லியிருந்தாள். ஜன்னல் சீட் எனக்கு. டாக்டர் சொன்னதற்காக, பொழுதுபோக்குக்காக இல்லை. அவன் தலையில் அடித்துச் சத்தியம் செய்யாத குறை. “உன் ஜன்னலை யாரு பிடுங்கப்போறா?” என்று கேட்டான்.

யார் பிடுங்கினார்கள் என்று கேளுங்கள்.

மூன்று பேர் உட்காரும் வரிசை. ஜன்னலோரம் அவள், நடுவில் தங்கம், நடைபாதைப் பக்கம் ஒரு புதுப்பெண். அவளைக் கட்டிய பையனுக்குப் பெட்டியின் கடைசியில், கழிப்பறைச் சுவரைப் பார்த்த மாதிரி சீட் கிடைத்திருந்தது. ரயில் கிளம்பிக் கட்டடங்கள் ஓய்ந்து வயல்வெளி தொடங்கியதுதான் தாமதம், அந்தப் பையன் வந்து நின்று தலையைச் சொறிந்தான். யாராவது இடம் மாற்றிக்கொண்டால் இருவரும் சேர்ந்து உட்காரலாம் என்றான். கேட்பதில் தப்பில்லை, சின்னஞ்சிறுசுகள். அந்தப் பெண்ணுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தது தங்கம். அவன் எழுந்து போனால் பையன் அந்த இடத்தில் உட்கார்ந்திருப்பான். கணக்குப் போடத் தெரியாதவனுக்கும் தெரிகிற கணக்கு.

தங்கம் அவள் பக்கம் திரும்பினான். “நீ கொஞ்சம் போய் உட்கார்ந்துக்கம்மா. பாவம், புதுசாக் கட்டிக்கிட்டவங்க.”

பத்துப் பேர் பார்த்துக்கொண்டிருக்கும்போது ஒருத்தி என்ன சொல்வாள்? எழுந்தாள். புதுப்பெண் ஜன்னலுக்குப் போனாள், பையன் நடுவில், தங்கம் காற்றாடக் கால் நீட்டி நடைபாதைப் பக்கம். இவள் கடைசி வரிசையில் இரண்டு தடியர்களுக்கு நடுவே கையை மடக்கிக்கொண்டு கழிப்பறைக் கதவைப் பார்த்துக்கொண்டு போனாள். கடலுக்கு முன்னால் மலைக்கணவாய் வரும், அங்கே நாலு திசையும் தெரியும் என்று கூடப் பயணம் செய்தவர்கள் பேசிக்கொண்டார்கள். கணவாய் வந்தபோது எட்டிப் பார்த்தாள். அந்தப் பெண் வெயில் முகத்தில் அடிக்கிறதென்று ஜன்னல் திரையை இழுத்துவிட்டுப் பையன் தோளில் சாய்ந்து தூங்கிக்கொண்டிருந்தாள். யாருக்காவது உதவியிருந்தாலாவது இவளுக்கு மனசு ஆறியிருக்கும். திரை போட்டுத் தூங்குவதற்கா அது போக வேண்டும்?

தங்கம் ஒருமுறை எழுந்து வந்து பார்த்தான். சிரமமாக இருக்கிறதா என்று கேட்பான் என்று நினைத்தாள். அந்த இரண்டும் எவ்வளவு சந்தோஷமாகத் தூங்குகின்றன பார் என்று காட்டிவிட்டுப் போனான்.

ஊர் போய்ச் சேர்ந்து தங்கும் விடுதியில் நடந்ததையும் கேளுங்கள். கடல் பார்த்த அறை வேண்டும் என்று அவள்தான் முன்கூட்டியே போன் செய்து சொல்லிவைத்திருந்தாள். சாவி கையில் வந்துவிட்டது. பெட்டியை உள்ளே வைத்து, ஜன்னலைத் திறக்கப் போனவளைக் குளித்துவிட்டு வரலாம் என்ற நினைப்பு தடுத்தது. முகத்தில் ரயில் அழுக்கு. அழுக்கோடு பார்க்கக் கூடாது, அலம்பிக்கொண்டு ஆசை தீரப் பார்க்கலாம் என்று துண்டை எடுத்துக்கொண்டு போனாள். குளித்துவிட்டு வந்தால் பெட்டியைக் காணோம். தங்கம் வாசலில் நின்றான். ஒரு பெரிய குடும்பம் வந்திருக்கிறதாம், பக்கத்துப் பக்கத்து அறையாக வேண்டுமாம், மேனேஜர் ரொம்பத் தயங்கித் தயங்கிக் கேட்டாராம். இவன் தயங்கவே இல்லையாம்.

மாறிய அறையின் ஜன்னலைத் திறந்தாள். கை நீட்டினால் தொடும் தூரத்தில் பக்கத்துக் கட்டடத்தின் சுவர். சுவரில் பாசி பிடித்த தண்ணீர்க் குழாய். மைக்ராஸ்கோப் இல்லாமலே பாசியின் ஒவ்வொரு இழையும் தெரிந்தது.

அன்றைக்குத்தான் பேசினாள். கத்தவில்லை. எனக்கு என்று நான் கேட்டது இந்த ஒன்றுதானே, அதையும் எதற்குக் கொடுத்தாய் என்ற கேள்வியை மரியாதையாக “நீங்க” போட்டுக் கேட்டாள். தங்கத்துக்கு உண்மையிலேயே புரியவில்லை. அதுதான் கொடுமை. திருடனுக்குக்கூடத் திருடுகிறோம் என்று தெரியும்.

“நான் என்ன எனக்கா எடுத்துக்கிட்டேன்?” என்றான். “இன்னொருத்தருக்குத்தானே கொடுத்தேன். உன்னுது என்னுதுன்னு நம்மளுக்குள்ள என்ன இருக்கு? நீ இவ்வளவு சுயநலமா இருப்பேன்னு நான் நினைக்கவே இல்லம்மா.”

சுயநலம். பன்னிரண்டு வருஷம் மாடிப்படி ஏறியவளுக்குக் கிடைத்த பட்டம். அவள் பதில் பேசவில்லை. பேசியிருந்தால் அழுகை வந்திருக்கும், அழுதால் இவன் சமாதானம் சொல்லுவான், சமாதானம் சொன்னால் அதிலும் இவனே நல்லவனாகிவிடுவான். சுவரைப் பார்த்து உட்கார்ந்துகொண்டாள். மனசு கேட்கவில்லை. இவன் சொல்வது ஒருவேளை சரியோ, நமக்குத்தான் மனசு குறுகிவிட்டதோ என்று தன்னையே குடைந்துகொண்டாள். நல்லவர்களோடு வாழ்ந்தால் இந்த வியாதியும் வந்துவிடும்.

மறுநாள் மழை. கடல், வானம், பாறை எல்லாம் ஒரே சாம்பல். லிஃப்ட் ஓடாது என்று சொல்லிவிட்டார்கள். அடுத்த நாளும் அதே கதை. விடுதியின் வரவேற்பறையில் எல்லோரும் கொட்டாவி விட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தபோது, பக்கத்து அறைக்காரர் ஒருவர் மூக்குக்கண்ணாடியைக் கையில் பிடித்துக்கொண்டு வந்தார். காதில் மாட்டும் கால் கழன்றுவிட்டது, உங்களிடம் சின்ன ஸ்குரூடிரைவர் இருக்கிறதாமே, அறைக்குக் கொண்டுபோய் முறுக்கிவிட்டுச் சாயங்காலம் தருகிறேன் என்று கேட்டார்.

இருந்தது. தங்கத்தின் தோளில் ஒரு தோல் பை எப்போதும் தொங்கும். உள்ளே அவன் தொழில் சாமான்கள். கடல் பார்க்க வந்த இடத்துக்கும் அதைத் தூக்கிக்கொண்டுதான் வந்திருந்தான். வீட்டில் அந்தப் பைக்குத் தனி ஆணி, தனி மரியாதை. மகள் ஒருநாள் அதைத் தொட்டதற்கு முழுநாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தான்.

தங்கம் சிரித்த முகத்தோடு தலையை ஆட்டினான். “தப்பா நினைச்சுக்காதீங்க. இது என் தொழில் சாமான். யார் கைக்கும் கொடுக்கறதில்லை.”

அந்த மனிதர் தப்பாக நினைத்துக்கொள்ளவில்லை. சரிங்க, பரவாயில்லை என்று மேனேஜரைக் கேட்கப் போய்விட்டார். வானம் இடிந்து விழவில்லை. தங்கத்தின் பெயரில் ஒரு கீறலும் விழவில்லை. அவன் சாவகாசமாகப் பையின் வாரைத் தோளில் ஏற்றிவிட்டுக்கொண்டான்.

அவள் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தாள். அடப்பாவி, இவனுக்கு இல்லை என்று சொல்லத் தெரிகிறது. இத்தனை வருஷம், கேட்டவருக்கு இல்லையென்று சொல்ல வராத மனசு, இளகிய மனசு என்று நினைத்து ஏமாந்திருக்கிறாளே. எவ்வளவு அழகாகச் சொல்கிறான், எவ்வளவு பதமாகச் சொல்கிறான். யோசித்துப் பார்த்தாள். மிக்ஸி அவளுடையது. குடை, ஸ்வெட்டர், ஞாயிற்றுக்கிழமை, ஜன்னல், அறை எல்லாம் அவளுடையவை. அவனுடைய பை அவன் தோளில்தான் இருந்தது. அவன் சாய்வு நாற்காலி ஒருநாளும் எந்த மாடிக்கும் போனதில்லை. அவன் தன்னுடையதிலிருந்து ஒரு ஆணியைக்கூட யாருக்கும் கொடுத்ததில்லை. அதற்கு இவ்வளவு நாள் தங்கம் தங்கம் என்று ஊர் கொண்டாடுகிறது. இரண்டு நாளாகத் தன்னையே குடைந்துகொண்டிருந்தவளுக்கு அன்று மத்தியானம் சாப்பாடு நன்றாக இறங்கியது.

கடைசி நாள் பிற்பகலில் மழை விட்டது. லிஃப்ட் ஓடுகிறதாம் என்று செய்தி வந்ததும் இருவரும் அடிவாரத்துக்கு ஓடினார்கள். மறுநாள் விடிந்ததும் ரயில். இதை விட்டால் இல்லை. ஊரில் அடைபட்டுக் கிடந்த கூட்டமெல்லாம் அங்கே வரிசையில் நின்றது. நகர்ந்து நகர்ந்து அவர்கள் முறை வருவதற்குள் வெயில் சாய்ந்துவிட்டது. லிஃப்ட் ஓட்டுகிற பெரியவர், மேலே போக இதுதான் கடைசி முறை, இருட்டுவதற்குள் எல்லோரையும் கீழே இறக்கிவிட வேண்டும் என்று சொல்லிக் கதவைத் திறந்தார்.

அவள் முதல் ஆளாக ஏறினாள். நேரே போய்க் கடல் பக்கத்துக் கண்ணாடி மூலையில் நின்றுகொண்டாள். தங்கம் ஏறவில்லை. தலைகால் புரியாத சந்தோஷத்தில் இருந்தான். ஓட்டுகிறவரிடம் கம்பி வடம் எத்தனை, எதிர் எடை எங்கே ஓடுகிறது என்று கேட்டுக்கொண்டே, அவர் வேலையை இவன் எடுத்துக்கொண்டு கதவைப் பிடித்தபடி ஒவ்வொருவரையும் கைத்தாங்கலாக ஏற்றிவிட்டான். பார்த்து வாங்க, படி இருக்கு, உள்ளே தள்ளி நில்லுங்க. ஏறிய பாட்டிகள் எல்லாம் அவனை வாழ்த்திக்கொண்டே ஏறினார்கள். எல்லோரும் ஏறியபின் கடைசியாகத் தானும் காலை வைத்தான்.

மணி அடித்தது.

கூண்டுக்குள் பேச்சு அடங்கியது. ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். தங்கம் பார்க்கவில்லை, அவனுக்குத் தேட வேண்டிய அவசியம் இல்லையே. தலைகளுக்கு மேலாக எக்கி, மூலையில் நின்றவளைக் கண்டுபிடித்தான்.

“ம்மா, நீ இறங்கிக்க. பாவம், எல்லாரும் எங்கேர்ந்தோ வந்திருக்காங்க.”

அவள் எங்கிருந்து வந்தாளாம்? எதிர்வீட்டிலிருந்தா? முன்னால் நின்றவர்கள் அவள் இறங்குவதற்கு வழிவிட ஒதுங்கவே தொடங்கிவிட்டார்கள். பழக்கதோஷம், அவள் காலும் ஒரு அடி எடுத்து வைத்துவிட்டது. கண்ணாடிக்கு அப்பால் பாறைதான் தெரிந்தது; கடல் மேலே போனால்தான். கால் அங்கேயே நின்றது.

“கடைசியா ஏறினது யாருங்க?” என்று கேட்டாள்.

குரல் அவளுக்கே புதிதாக இருந்தது. தங்கத்துக்குக் கேள்வி புரிய ஒரு நிமிஷம் பிடித்தது. சிரிக்கப் பார்த்தான். அவளை அதட்டுவதுபோலவும் கெஞ்சுவதுபோலவும் கண்ணைக் காட்டினான். நாலு பேர் நடுவில் மானத்தை வாங்காதே என்று அந்தக் கண்ணுக்கு அர்த்தம்.

“கடைசியா ஏறினவங்கதான் இறங்கணும். உங்க சட்டம்தானே” என்றாள். “வயசு கிடையாது, பதவி கிடையாது. பொண்டாட்டிக்கு வேற சட்டம்னு நீங்க யாருக்கும் சொன்னதில்லையே.”

யாரோ களுக்கென்று சிரித்தார்கள். ஓட்டுகிற பெரியவர், அம்மா சொல்வது நியாயம்தான், எங்கள் தொழிலிலும் அதுதான் வழக்கம் என்றார். மணி விடாமல் அடித்துக்கொண்டே இருந்தது. தங்கம் கூண்டின் கூரையைப் பார்த்தான், பித்தளைக் கைப்பிடியைப் பார்த்தான், பையின் வாரை இறுக்கிப் பிடித்துக்கொண்டான். தொழில் பழகிய நாளிலிருந்து அவன் ஏற ஆசைப்பட்ட லிஃப்ட். அது அவளுக்கும் தெரியும். தெரிந்துதான் நின்றாள். மனசு வலித்தது, வலிக்கட்டும் என்று நின்றாள்.

அவன் காலை எடுத்து வெளியே வைத்தான். மணி நின்றது. கதவு மூடியது.

மேலே போகப் போக முதலில் மரங்கள் கீழே போயின, பிறகு கூரைகள், பிறகு பறவைகள். பாறை விளிம்பு தாண்டியதும் கடல் மொத்தமாக வந்து நின்றது. உச்சியில் இறங்கியவள் இரும்புக் கம்பிவேலியைப் பிடித்துக்கொண்டாள். கண்ணைத் தடுக்கிற பொருள் ஒன்றும் கிடையாது. முதலில் அலைகளைப் பார்த்தாள், பிறகு அதற்கு அப்பால், அதற்கும் அப்பால் ஒரு கப்பல் புள்ளியாக. அதற்கும் அப்பால் ஒன்றுமே இல்லாத இடம். அந்த இடத்தைப் பார்க்கப் பார்க்க நெற்றிக்குள் மாதக்கணக்கில் இழுத்துக் கட்டியிருந்த ஏதோ ஒன்று நெகிழ்ந்து கொடுத்தது. மூக்கு நுனியில் தண்ணீர் சொட்டியபோதுதான் அழுகிறோம் என்று தெரிந்தது. துடைத்துக்கொள்ளவில்லை. இறங்கும்வரை கண்ணை எடுக்கவில்லை.

நடுவில் காமிரா வைத்திருந்த ஒருவர் வந்து, குடும்பத்தோடு படம் எடுக்க வேண்டும், கொஞ்சம் தள்ளி நிற்க முடியுமா என்று கேட்டார்.

“தப்பா நினைச்சுக்காதீங்க” என்றாள். “நான் இங்கேதான் நிக்கப்போறேன்.”

அவர் தப்பாக நினைத்துக்கொள்ளவில்லை. அந்தப் பக்கம் போய் எடுத்துக்கொண்டார். இவ்வளவுதானா, இதற்கா பன்னிரண்டு வருஷம் என்று இருந்தது அவளுக்கு.

கீழே வந்தபோது தங்கம் டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்திருந்தான். டீக்கடை அம்மாள் இவளைக் கண்டதும் முகமெல்லாம் பல்லாக வந்து கையைப் பிடித்துக்கொண்டாள். கொடுத்துவைத்தவம்மா நீ, பெண்டாட்டி பார்க்கட்டும் என்று தன் இடத்தை விட்டுக்கொடுத்துவிட்டு வந்து உட்கார்ந்திருக்கிறாரே, இந்தக் காலத்தில் யார் செய்வார்கள், தங்கமான மனுஷன் என்றாள். எங்கே போனாலும் அந்தப் பட்டம் அவனுக்கு முன்னால் போய்த் துண்டு போட்டு இடம் பிடித்துவிடும் போலிருக்கிறது. அவள் தங்கத்தைப் பார்த்தாள். அவன் டீ டம்ளருக்குள் பார்த்துக்கொண்டிருந்தான்.

இருவரும் நடந்து திரும்பினார்கள். விடுதி கிட்ட வந்ததும் தொண்டையைச் செருமிக்கொண்டு, மேலே எப்படி இருந்தது, என்ன தெரிந்தது, சொல்லேன் என்றான். சின்னப் பிள்ளை கேட்கிற மாதிரி கேட்டான். வேறு நாளாக இருந்தால் அவள் மூச்சு விடாமல் சொல்லியிருப்பாள்.

“அது என்னுது” என்றாள். “கொடுக்கணும்னு எனக்குத் தோணும்போது நானே கொடுக்கறேன்.”

திரும்பும் ரயிலிலும் அதே மாதிரி மூன்று பேர் வரிசை. ஜன்னலோரம் அவள், நடுவில் தங்கம், அந்தப் பக்கம் கனத்த உடம்புக்காரர் ஒருவர், ஏறியதுமே குறட்டை. பெட்டியில் நிற்பவர்கள் கூட்டம். இரண்டாவது ஸ்டேஷனில் காலில் கட்டுப் போட்ட ஒரு நடுவயதுப் பெண் ஏறி, கம்பியைப் பிடித்தபடி அவர்கள் வரிசைக்கு நேரே வந்து நின்றாள். ஒன்றும் கேட்கவில்லை, நின்றாள், அவ்வளவுதான்.

தங்கத்தின் தலை தானாக அவள் பக்கம் திரும்பத் தொடங்கியது. பன்னிரண்டு வருஷப் பழக்கம் லேசில் விடுமா? வாயும் திறந்துவிட்டது. அவள் ஜன்னலை விட்டுத் திரும்பி அவனை நேராகப் பார்த்தாள். சொல்லுங்கள் பார்க்கலாம் என்பதுபோல் பார்த்தாள். திறந்த வாய் மூடியது. கொஞ்ச நேரம் தன் முழங்காலையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு, பழைய கதவு திறக்கிற மாதிரி மெல்ல மெல்ல, எழுந்தான்.

கட்டுப் போட்ட பெண் நன்றி என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டு உட்கார்ந்தாள், அடுத்த நிமிஷம் கண்ணை மூடிக்கொண்டாள். தங்கம் சுற்றிலும் பார்த்தான். ஒருவரும் அவனைப் பார்க்கவில்லை. ஒருவரும் தங்கமான மனுஷன் என்று சொல்லவில்லை. ரயில் ஆடிய ஆட்டத்தில் ஒரு கையால் மேல்கம்பியைப் பிடித்துக்கொண்டு, மறு கையால் பையை இடுக்கிக்கொண்டு, நின்றான். கணவாய் வந்தது. நாலு திசையும் தெரிந்தது. அவள் பார்த்தாள்.

கணவாய் தாண்டி வெகுநேரம் கழித்து அவன் குனிந்தான்.

“என்னமோ, காலெல்லாம் விட்டுப்போச்சும்மா” என்றான். இப்படியும் ஒன்று உலகத்தில் உண்டா என்ற ஆச்சரியம் அவன் குரலில் இருந்தது.

“தன்னுதைக் கொடுத்தா அப்படித்தான் வலிக்கும்” என்றாள்.

அவள் கையை நீட்டினாள். எதற்கு என்று புரியாமல் விழித்தான். பிறகு புரிந்தது. கொஞ்சம் தயங்கித் தோளிலிருந்து பையைக் கழற்றி அவளிடம் கொடுத்தான். நல்ல கனம். அதை வாங்கி மடியில் வைத்துக்கொண்டு மறுபடியும் வெளியே பார்க்கத் தொடங்கினாள். இடத்தைக் கொடுக்கவில்லை.